பள்ளியில் சாரணர் படை இல்லை; 14 வயது மகனை எங்கே சேர்ப்பது?

கேள்வி: மகன் 9ஆம் வகுப்பு படிக்கிறான், வயது 14. மணப்பாறையில் 2025 ஜனவரியில் நடந்த ஜாம்பூரி என்ற சாரணர் பெருமுகாமைப் பார்த்ததிலிருந்து முகாம், மலையேற்றம் என்று ஒரே பேச்சு. அவன் பள்ளியில் சாரணர் படை கிடையாது. வெளியே சேர முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்? அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு என்பதுதான் யோசனையாக இருக்கிறது. (நாமக்கல் வாசகி)

பதில்: தாராளமாகச் சேரலாம். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 10 வயதுக்கு மேல் சாரணர் பிரிவு, வளர்ந்த இளைஞர்களுக்கு 25 வயது வரை திரிசாரணர் பிரிவு. பள்ளி சாராத ‘ஓபன் ட்ரூப்’களும் உண்டு. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சாரணர் மாவட்டச் செயலாளர் யார் என்று கேளுங்கள். உங்கள் பக்கத்தில் எந்தப் படை இயங்குகிறது என்பதை அவர் சொல்லிவிடுவார்.

விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரக்கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். ஓர் அணியில் 6 முதல் 8 பேர், ஒரு படையில் அதிகபட்சம் 32 பேர் என்பது முறை. அணித்தலைவனாக இருக்கும் பையன் சின்னவர்களுக்கு ஏதாவது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால் நல்ல படை. 60 பேரை வரிசையில் நிறுத்தி அணிவகுப்பு மட்டும் நடந்தால், குடியரசு தினத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று அர்த்தம். கடைசியாக எப்போது இரவு தங்கும் முகாம் போனீர்கள், பொறுப்பாசிரியர் எந்தப் பயிற்சி வரை முடித்திருக்கிறார் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். கழுத்தில் தோல் நாடாவில் கோத்த இரண்டு மரமணிகள் இருந்தால் அவர் ஹிமாலய வுட் பேட்ஜ் என்ற உயர்நிலைப் பயிற்சி வரை முடித்தவர்.

சீருடையை முதல் வாரமே தைக்க வேண்டாம். சட்டைத் துணியின் நிறம், ஸ்கார்ஃபின் நிறம் எல்லாம் படையில் கேட்டபிறகுதான் வாங்க வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் துணி நிறம் மாறிப்போய் இரண்டாம் முறை தைப்பவர்கள் நிறையப் பேர். முதல் சில மாதங்கள் ‘பிரவேஷ்’ என்ற நுழைவு நிலை. உறுதிமொழி, 9 சாரணர் விதிகள், சல்யூட், இடக்கை குலுக்கல், கொடிப்பாடல், வீட்டில் தினம் ஒரு நற்செயல் செய்து எழுதிவரும் நாட்குறிப்பு, இவ்வளவுதான். இது முடிந்து சின்னம் சூட்டும்போதுதான் முழுச் சீருடை தேவை. அதுவரை ஒரு நோட்டு, ஒரு விசில், 8 மில்லிமீட்டர் தடிமனில் 3 மீட்டர் கயிறு போதும்.

அந்தக் கயிற்றின் இரு முனைகளையும் முதல் நாளே நூலால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். நைலான் என்றால் பெரியவர்கள் யாராவது முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிடலாம். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் பிரிந்து, முடிச்சு விழாத கயிறாகிவிடும். இரண்டு நுனிகளைச் சேர்க்கும் ‘ரீஃப் நாட்’ என்ற முடிச்சைப் போடுவதில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. வலது நுனியை இடதின் மேல் போட்டபின், அடுத்த சுற்றில் இடது நுனி வலதின் மேல் வர வேண்டும். சரியாக விழுந்தால் ஒவ்வொரு நுனியும் தன் கயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும். இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் நுனிகள் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும், இழுத்தால் வழுக்கும். சரியாகப் போட்ட ரீஃப் நாட் கூடத் தட்டையாகப் படிவதால் காயக்கட்டுக்குத்தான். பாரம் தாங்கும் இரண்டு கயிறுகளை அதை நம்பி இணைக்கக் கூடாது. தடிமன் வேறுபட்டால் ‘ஷீட் பெண்ட்’ என்ற முடிச்சைப் போட வேண்டும். அதில் வளைத்துப் பிடிக்கும் கயிறு தடிமனானதாக இருக்க வேண்டும்.

முகாமுக்குப் போகும் பையனின் முதுகுப்பை அவன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது: 45 கிலோ பையனுக்கு 9 கிலோ, தண்ணீரும் சேர்த்து. கனமானவை முதுகை ஒட்டி, தோள்களுக்கு நடுவில் வர வேண்டும். அடியில் கிடந்தால் பை பின்னால் இழுக்கும், பையன் முன்னால் குனிந்து நடப்பான், மாலையில் இடுப்பு வலிக்கும். புது ஷூவைப் போட்டு அனுப்பாதீர்கள். இரண்டு வாரமாவது வீட்டிலும் பள்ளிக்கும் போட்டுப் பழகாத ஷூ, முதல் 5 கிலோமீட்டரிலேயே குதிகாலில் கொப்புளம் எழுப்பிவிடும். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி வையுங்கள். ஈரக் காலுறைதான் கொப்புளத்துக்குப் பாதிக் காரணம்.

உங்கள் ஊர்ப் பக்கம் என்றால் கொல்லிமலைதான் பேச்சில் வரும். எந்த மலையானாலும் காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இறந்தபிறகு இதில் விளையாட்டு கிடையாது. கோடையில் தீப்பருவம் என்றால் பாதைகளையே மூடிவிடுவார்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைப் பெற்றோர் கேட்டு வாங்கலாம், தவறில்லை. உங்கள் சம்மதக் கடிதத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். முகாமுக்குச் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் இரவு 2 மணிக்கு இன்ஹேலரைத் தேட வேண்டியிருக்கும்.

படிப்பைப் பற்றி: வாரம் ஒரு கூட்டம், ஒன்றரை மணி நேரம். இதனால் மதிப்பெண் குறையாது. விருதுதான் இலக்கு என்றால் கணக்கு வேறு. பிரவேஷுக்குப் பிறகு பிரதம், துவிதிய, திரிதிய சோபான்கள் (முதல், இரண்டாம், மூன்றாம் படிகள்), அதன்பின் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது, கடைசியில் குடியரசுத் தலைவர் விருது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்ச மாதங்கள் உண்டு. ராஜ்ய புரஸ்காரைத் தொடவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இப்போதே பதிவு செய்யுங்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் கூட்டங்களைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் உறுப்பினர் புதுப்பிப்பை விட்டுவிடக் கூடாது. ரயில்வே வேலையில் சாரணர்களுக்கான ஒதுக்கீட்டுக்குக் குடியரசுத் தலைவர் விருதோடு உறுப்பினராகச் செயல்பட்ட ஆண்டுகளையும் பார்க்கிறார்கள்.

பக்கத்தில் ஓபன் ட்ரூப் எதுவும் இல்லையா? தலைமையாசிரியரிடம் பேசுங்கள். விருப்பமுள்ள ஓர் ஆசிரியரை 7 நாள் அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பி, இரண்டு அணிக்குப் பையன்கள் கிடைத்தால் பள்ளியிலேயே படை தொடங்கலாம். அந்த ஆசிரியரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். உடற்கல்வி ஆசிரியரையே எல்லாரும் கேட்பார்கள், அவருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை. அறிவியல், புவியியல் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்.