திருநெல்வேலிச் சீமையில் உணவு இலக்குகளை வகுப்பது எப்படி?

வளரும் பகுதிகளில் மக்களின் உடல்நலம் மேம்பட உணவு இலக்குகளை எவ்வாறு வகுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கு, தட்டில் விழும் பண்டத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் நடவுக்குப் போகும் பெண்ணின் தூக்குவாளியில் பழையசோறும் ஊறுகாயும் மட்டுமே இருக்கையில், 'இரும்புச்சத்தைக் கூட்டுங்கள்' என்ற அறிவுரை அவருக்கு எவ்வகையிலும் உதவாது. வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரையும், அதிலுள்ள இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும் நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் சேர வேண்டும் என்று சொன்னால், அதை அவர் மறுநாளே செய்து பார்க்க முடியும். சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்தினால் அந்த இரும்பு உடலில் சேர்வது குறையும் என்பதையும் அவசியம் சொல்ல வேண்டும்.

உப்புக்கான அளவு, உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் 50 நாளாவது வர வேண்டும். கருவாடும் அப்பளமும் அடிக்கடி சேரும் வீடுகளில் இன்னும் கூடுதல் நாள் வர வேண்டும்.