கேள்வி – பதில்: பள்ளிப் பேருந்தில் நிறக் கேலி

கேள்வி: அமெரிக்காவில், வெள்ளையர்களே நிறைந்த நெப்ராஸ்கா சிற்றூரில் வசிக்கிறோம். பள்ளிப் பேருந்தில் என் மகளை நிறம் சொல்லிக் கேலி செய்கிறார்கள். ஆசிரியரோ "விளையாட்டுக்குத்தான்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வாசலில் நின்று பேசிவிட்டு வருவதோடு விடாதீர்கள், நாளைக்கே "அப்படி யாரும் சொல்லவில்லையே" என்பார்கள். அன்றைக்கே முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: தேதி, பேருந்து எண், சொன்ன வார்த்தை அப்படியே (கூசினாலும் மாற்ற வேண்டாம்), பக்கத்தில் இருந்தவர்கள். "இது இனரீதியான துன்புறுத்தல், எழுத்தில் பதில் தேவை" என்று முடியுங்கள். பேருந்தில் கேமரா இருந்தால் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடலாம்.

பதில் வராவிட்டால் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் (superintendent), அடுத்து பள்ளி வாரியம். மத்திய அரசின் நிதி பெறும் பள்ளிகளை, இன, நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் (Civil Rights Act) 6-ஆம் பிரிவு (Title VI) கட்டுப்படுத்தும். மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் (Office for Civil Rights) புகார் தர, சம்பவம் நடந்ததிலிருந்து பொதுவாக 180 நாள் அவகாசம். கட்டணமில்லை.

முதலிலேயே ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். சின்ன ஊரில் வாரிய உறுப்பினரே கேலி செய்த பையனின் சித்தப்பாவாக இருப்பார். ஊரே ஒரு பக்கம் சேர்ந்துவிடும். அதைவிட, நேரில் பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெற்றோரிடம் இரண்டு வரி எழுதித் தரக் கேளுங்கள். நியாயமோ இல்லையோ, அதற்குத்தான் அங்கே எடை அதிகம்.