சைலன்சர் பைப்பும் வளைவும்: கேள்வி பதில்

காருக்குப் புகைக்குழாய் செய்து பொருத்துவது பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்த வேலை குழாயும் பற்றவைப்பும். எஞ்சின் டியூனிங் கேட்டவர்கள் நல்ல மெக்கானிக்கிடம் போங்கள்.

கிருஷ்ணகிரி: ஐயா, பழைய காருக்கு 2 அங்குல ஸ்டெயின்லெஸ் லைன் போட ஆசை. வளைத்த பைப் செட் கேட்டால் யானை விலை சொல்கிறார்கள். மலிவாக எங்கே கிடைக்கும்?

செட்டாகக் கேட்காதீர்கள் தம்பி. ஒரே ஒரு காருக்காக வளைக்கும் இயந்திரத்தில் அச்சு மாற்ற வேண்டும். அந்தக் கூலிதான் உங்கள் தலையில் விழுகிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் வளைவுகளை வாங்கி, அறுத்து, நேர்பைப்போடு பற்றவையுங்கள். யூ எழுத்துபோல் வளைந்த ஒரு யூ பெண்டில் இரண்டு 90 டிகிரி கிடைக்கும், அல்லது நான்கு 45. காரின் அடியில் 90 கேட்கும் இடம் ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் 15, 30, 45. கடைக்குப் போகும் முன் ஒரு நீளக் கம்பியைக் காரின் அடியில் பிடித்து, பைப் போகும் வழியிலேயே வளைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வளைவு, எத்தனை டிகிரி என்று அந்தக் கம்பி சொல்லிவிடும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு வசதி இருக்கிறது: மாம்பழக் கூழ் ஆலைகள். அங்கே குழாய் மாற்றும்போது கழற்றிப் போடும் 304 ரக ஸ்டெயின்லெஸ் பைப்பும் பெண்டும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்கு வருகின்றன. உணவு ஓடிய குழாய் என்பதால் உட்புறம் வழவழப்பாக இருக்கும், வளைவு நசுங்கியிருக்காது. 51 மி.மீ. அளவைத் தேடுங்கள். மாம்பழ சீசன் முடிந்து ஆலைகளில் பழுதுபார்க்கும் மாதங்களில் கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார். கிடைக்காவிட்டால் பெங்களூரு பீன்யா பக்கம் விசாரியுங்கள். ஜி.ஐ. பைப் மட்டும் வாங்காதீர்கள்.

பாலக்கோடு: ஜி.ஐ. ஏன் கூடாது? துருப்பிடிக்காதே?

அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. பற்றவைக்கும்போது எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். மூடிய ஷெட்டில் வேலை செய்பவருக்கு இன்னும் மோசம். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நுரையீரலைக் கொடுக்காதீர்கள்.

ஊத்தங்கரை: 2 அங்குலம் என்று கேட்டு வாங்கிய எல்போ (வளைவுத் துண்டு), 2 அங்குலப் பைப்பில் சேரவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. தண்ணீர், நீராவி லைன் எல்போவில் 2 அங்குலம் என்பது பெயரளவு. வெளி விட்டம் 60.3 மி.மீ. வரும். உங்கள் பைப்பின் வெளி விட்டம் 50.8. கையில் விட்டம் அளக்கும் வெர்னியர் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். அந்த எல்போவின் சுவர்க் கனமும் பெரும்பாலும் 2.77 மி.மீ.க்குக் குறையாது. அந்த ரகத்தில் முழு லைன் போட்டால் மீட்டருக்கு 4 கிலோ தொங்கும், 1.2 மி.மீ. கனப் பைப்பில் ஒன்றரை கிலோதான்.

பர்கூர்: மீட்டர் என்ன விலை?
அரூர்: 304 இன்றைய விலை என்ன அண்ணா?
ஓசூர்: தோராயமாக எவ்வளவு ஆகும்?

மூவருக்கும் ஒரே பதில். கிலோ விலையைக் கடையில் கேளுங்கள். வெளி விட்டத்திலிருந்து சுவர்க் கனத்தைக் கழித்து, அதே கனத்தாலும் 0.0249 ஆலும் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். அளவுகள் மி.மீ.யில் இருக்கட்டும். இனி விலைக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

காவேரிப்பட்டணம்: நசுங்காத வளைவு என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஹைட்ராலிக் பெண்டரில் அழுத்தி வளைத்த பைப்போடு ஊரில் எத்தனையோ வண்டி ஓடுகிறது.

ஓடுகிறது, மறுக்கவில்லை. சாதாரண எஞ்சினுக்கு, பின்பக்க லைனில், 30 டிகிரிக்குள் அழுத்தி வளைத்தால் குறையொன்றும் தெரியாது. எஞ்சினை ஒட்டிய முதல் 90 டிகிரியில் அப்படிச் செய்தால் புகைக்கு அங்கேயே கழுத்தைப் பிடித்ததுபோல் ஆகிவிடும். ஒரு சோதனை செய்யுங்கள். மேசைப்பந்து 40 மி.மீ.; உங்கள் பைப்பின் உள் விட்டம் 48. பந்தை உருட்டி விடுங்கள். சிக்கினால் அந்த வளைவு வேண்டாம்.

காவேரிப்பட்டணம்: எங்கள் பட்டறையில் மணல் நிரப்பி, சூடாக்கி வளைப்போம். துளிகூட நசுங்காது. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

நல்ல முறைதான். கனமான இரும்புப் பைப்பில் கைதேர்ந்தவர் வளைத்தால் அழகாக வரும். மணலைச் சட்டியில் வறுத்து ஈரமே இல்லாமல் செய்ய வேண்டும். தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். ஈரம் இருந்தால் இரு முனையும் அடைத்த பைப்புக்குள் நீராவி சேர்ந்து, அடைப்பு துப்பாக்கிக் குண்டாகத் தெறிக்கும். முனைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. இந்த முறையை 304க்குச் செய்யாதீர்கள். 500 முதல் 800 டிகிரி வரையிலான சூட்டில் கொஞ்ச நேரம் நின்றாலே அதன் குரோமியம் கரிமத்தோடு சேர்ந்துவிடும். பிறகு அந்த இடத்தில்தான் முதலில் துரு ஏறும்.

தேன்கனிக்கோட்டை: கைப்பிடிக் கம்பி செய்யும் கடையில் 2 அங்குல எல்போ மலிவாக இருக்கிறது. போடலாமா?

அளவு சேரும். பெரும்பாலும் 202 என்ற மலிவான ஸ்டெயின்லெஸ் ரகமாக இருக்கும். சூட்டிலும் ஈரத்திலும் 304 அளவு தாங்காது. காந்தத்தை நம்பாதீர்கள், இரண்டிலும் ஒட்டாது. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சிவந்தால் 202.

பென்னாகரம்: கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) எடுத்துவிட்டு நேர்பைப் போடலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52, 190 பிரிவுகளைப் படியுங்கள்.

தருமபுரி: லாரியில் டர்போவுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்குக்கும் நடுவே பைப் ஓட்டையாகிவிட்டது. தகடு வைத்து ஒட்டினால் போதுமா?

போதாது ஐயா. எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்வதே அந்தத் துண்டில் அடைபடும் அழுத்தத்தால். தொப்பூர் இறக்கத்தில் பாரத்தோடு போகும்போது தகடு பிய்த்துக்கொண்டால், முழுச் சுமையும் சக்கர பிரேக்கின் மேல் ஏறிச் சூடாகிவிடும். துண்டு முழுவதையும் மாற்றுங்கள். மாற்றும் வரை அந்த வழியில் பாரம் ஏற்றிப் போக வேண்டாம்.

ஓசூர்: ஜி.ஐ. பைப்பில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால்?

உட்புறப் பூச்சை எதைக் கொண்டு தேய்ப்பீர்கள்? வேண்டாம்.

காவேரிப்பட்டணம்: பந்து உருட்டிப் பார்த்தேன். மூன்று வளைவில் ஒன்றில் சிக்கியது. இருந்தாலும் அழுத்தி வளைப்பது தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒப்புக்கொள்ள வேண்டாம். நுழைந்த இரண்டும் இருக்கட்டும். சிக்கியதை அறுத்துவிட்டு, இரண்டு 45 டிகிரித் துண்டுகளைச் சேர்த்துப் பற்றவையுங்கள்.