நூறு நாள் வேலை மோசடியைக் கண்டுபிடிக்கும் களப்பயிற்சியில் மாணவர்களுக்கு என்ன வேலை?

போலீஸ் மாதிரி விசாரணையா என்று கேட்டிருக்கிறீர்கள், அதெல்லாம் கிடையாது. சமூகப்பணி படித்தபோது நான் நெல்லைப் பக்கம் ஒரு ஊராட்சிக்குச் சமூகத் தணிக்கைக் குழுவோடு போனேன். வேலையும் கணக்கும் சரிதானா என்று ஊர் மக்கள் முன்னால் சரிபார்ப்பதுதான் சமூகத் தணிக்கை. நூறு நாள் வேலைக்கான 2005 ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராம சபைக்குக் கொடுத்த உரிமை அது. வருகைப் பதிவேட்டையும் வேலை அட்டையையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டு, வீடு வீடாகப் போய் இத்தனை நாள் வேலைக்குப் போனீர்களா, கூலி கைக்கு வந்ததா என்று கேட்பது பாதி, மீதி, கணக்கில் எழுதிய அளவுக்கு வேலை நடந்திருக்கிறதா என்று வெயிலில் டேப் பிடித்துக் குளத்துக்கரையை அளப்பது. ஒரு ஆச்சி, "எங்க வீட்டுக்காரவுக செத்து ரெண்டு வருசமாச்சேய்யா, அவுகளுக்கு எப்படி வேலை குடுத்தாவ?" என்று சிரித்தார். பதிவேட்டில் கையெழுத்து இருந்தது! சரி, கண்டுபிடித்தாலும் நீங்களாக யாரையும் குற்றம் சாட்டக் கூடாது, ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தால் கிராம சபையில் வாசிப்பார்கள். அப்புறம், ஊராட்சி ஆட்கள் வாங்கித் தரும் டீயைக் குடிக்காதீர்கள், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.