நெட் இல்லாத குவார்ட்டர்ஸில் பிஎஸ்4 படம் காட்டுமா?

கேள்வி: அண்ணா, அடுத்த மாதம் வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்கிறேன். தங்கப்போகிற குவார்ட்டர்ஸில் பிராட்பேண்ட் கிடையாது, போனில் டவர் ஒரு பாயிண்ட் காட்டினாலே பெரிய விஷயமாம். என்னிடம் பிஎஸ்4 ஸ்லிம் (ப்ளேஸ்டேஷன் கேம் மெஷின்) இருக்கிறது, கொஞ்சம் ப்ளூரே, டிவிடி, அப்புறம் ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்கள். நெட் இல்லாமல் இதில் படம் பார்க்க முடியுமா? கடைக்காரர் முடியும் என்கிறார், என் ரூம்மேட் முடியவே முடியாது என்கிறான். (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான் தம்பி, வேடிக்கை என்னவென்றால் அதுதான். பார்க்க முடியும், ஆனால் பொள்ளாச்சியில் இருக்கும்போதே வேலையை முடித்துவிட்டு மலை ஏறினால்தான் முடியும். அங்கே போய்ப் பெட்டியைப் பிரித்தீர்கள் என்றால் உங்கள் ரூம்மேட் ஜெயித்துவிடுவான்.

முதலில் டிஸ்க். பிஎஸ்2 காலத்தில் டிவிடியைத் தள்ளினால் படம் ஓடும், அவ்வளவுதான் கதை. பிஎஸ்4-இல் அப்படி இல்லை. ப்ளூரேவோ டிவிடியோ, அதை ஓட்டும் வசதியை ஒரே ஒரு முறை நெட் வழியாகத் திறந்துவிட வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த புதிய மெஷினில் படத்தின் டிஸ்க்கைப் போட்டால் ஓட மறுப்பது பழுதினால் இல்லை, இதனால்தான். ஒரு தடவை திறந்துவிட்டால் அதற்கப்புறம் நெட்டே தேவையில்லை. உங்கள் மெஷினில் ஏற்கெனவே டிஸ்க் படம் பார்த்திருந்தால் இந்தத் தொல்லை முடிந்துபோன விஷயம். பார்த்ததே இல்லை என்றால் இன்றைக்கே போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு ஒரு டிவிடியைத் தள்ளுங்கள்.

இரண்டாவது, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் படங்கள். இதற்கு மீடியா பிளேயர் என்று ஒரு இலவச ஆப் வேண்டும், அது 2015-இல்தான் வந்தது, மெஷினோடு வராது, ஸ்டோரிலிருந்து இறக்க வேண்டும். அதையும் கீழே இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். இறக்கியதும் நெட்டைத் துண்டித்துவிட்டு, மெஷினை ஒரு முறை அணைத்துப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு படமும் ஒரு ப்ளூரேவும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இந்த ஒத்திகையைச் செய்யாமல் மட்டும் கிளம்பாதீர்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு ஞாபகம் வந்து பயனில்லை.

இப்போது ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே என்ன ஃபார்மேட் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) என்று பாருங்கள், நூற்றுக்கு எண்பது பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்று சொன்னால் அது நானாகச் சொல்லும் கணக்கு, ஆனால் எனக்கு வரும் கடிதங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. பிஎஸ்4-க்கு ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டுதான் படிக்கத் தெரியும். விண்டோஸில் பழக்கமான என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைச் செருகினால் அப்படி ஒன்று செருகியதாகவே காட்டிக்கொள்ளாது. ஃபேட்32-இல் இன்னொரு சிக்கல், ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எனக்கே நடந்தது: 32 ஜிபி பென் டிரைவ், உள்ளே ஒன்றுமே இல்லை, 6 ஜிபி படம் ஒன்றைக் காப்பி செய்கிறேன், ஃபைல் ரொம்பப் பெரிசு என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்புகிறது. காலி வீட்டில் இடமில்லை என்று சொன்ன மாதிரி. அரை மணி நேரம் பென் டிரைவ் விற்ற கடைக்காரரைத் திட்டிவிட்டு அப்புறம்தான் விஷயம் புரிந்தது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினேன், ஏறிவிட்டது. மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அழிவது என்றதும் ஞாபகம் வருகிறது. செட்டிங்ஸில் யுஎஸ்பி டிவைஸ் பக்கம் போனால் இந்த டிஸ்க்கை எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜாக ஃபார்மேட் செய்யவா என்ற வசதி இருக்கும். அது கேம்களைப் போட்டு வைப்பதற்கு. ஆர்வக்கோளாறில் சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனால் உங்கள் 1 டிபி படங்களும் ஒரே நொடியில் சாமியிடம் போய்விடும். நண்பர் ஒருவர் அப்படித்தான் நாலு வருடப் போட்டோக்களைத் தொலைத்தார். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: பென் டிரைவில் இருக்கும் சில படங்கள் ஓடுகின்றன, சில படங்கள் ஓடவில்லை. எம்கேவி என்று முடியும் பெயரை எம்பி4 என்று மாற்றிப் பார்த்தேன், அப்படியும் ஓடவில்லை. ஒன்றில் படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. மெஷின் பிஎஸ்4தான். என்ன செய்ய? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பெயரை மாற்றினால் ஓடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, வாரம் ஒருவர் இதைக் கேட்கிறார். எம்கேவி, எம்பி4, ஏவிஐ எல்லாம் டிஃபன் கேரியர். உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்பது வேறு விஷயம். கேரியர் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்து வேறு பெயர் எழுதினால் சாம்பார் ரசமாகிவிடுமா?

பிஎஸ்4-இன் மீடியா பிளேயருக்கு எம்கேவி கேரியரே பிரச்சினை இல்லை, அதைத் திறக்கத் தெரியும். உள்ளே எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோ இருந்தால் ஓட்டும். இப்போது சின்ன சைஸில் சுற்றும் படங்கள் பல எச்.265, ஹெச்இவிசி என்றும் எழுதியிருக்கும், பிஎஸ்4-க்கு அது செரிக்காது. சத்தம் வராத படத்தில் அநேகமாக டிடிஎஸ் ஒலி இருக்கும். ஏஏசியோ டால்பியின் ஏசி3-யோ இருந்தால் கேட்கும்.

வழி இருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்று ஒரு இலவச மென்பொருள், கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள். படத்தை உள்ளே இழுத்துப் போட்டு, ஃபாஸ்ட் 1080பி30 என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுத்தால் எச்.264, ஏஏசி என்று சமைத்துக் கொடுத்துவிடும். பழைய லேப்டாப் என்றால் ஒரு படத்துக்கே மணிக்கணக்கில் ஆகும், ஃபேன் ஜெட் விமானம் மாதிரி இரையும், பயப்பட வேண்டாம், ராத்திரி வரிசையில் நாலைந்து படங்களைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். சப்டைட்டில் தனி எஸ்ஆர்டி ஃபைலாக இருந்தால் அது வரும் என்று நம்பிக்கொண்டிருக்காமல், ஹேண்ட்பிரேக்கிலேயே பர்ன் இன் என்பதை டிக் செய்து படத்தின் மேலேயே அச்சடித்துவிடுங்கள். அதை எங்கே போட்டாலும் எழுத்து தெரியும்.

பிஎஸ்3 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கு எம்கேவி கேரியரையே திறக்கத் தெரியாது, யுஎஸ்பியில் ஃபேட்32 மட்டும்தான், ஆகவே 4 ஜிபி தடை உங்களுக்கு நிரந்தரம். ஆனாலும் நெட் இல்லாத வீட்டுக்கு ஒரு மெஷின் சொல் என்று என்னைக் கேட்டால் பிஎஸ்3-ஐத்தான் சொல்வேன். படத்தை யுஎஸ்பியிலிருந்து அதன் உள் டிஸ்க்குக்கே காப்பி செய்து வைத்துக்கொள்ளலாம், டிவிடி ஓட்ட யாரிடமும் அனுமதி கேட்காது.

கேள்வி: பிஎஸ்3-இல் நண்பன் கொடுத்த ஒரு ஹாலிவுட் படத்தைப் பென் டிரைவில் பார்த்தேன். இருபது நிமிடம் நன்றாக ஓடியது, திடீரென்று சத்தம் நின்றுவிட்டது, ஓரத்தில் ஏதோ மெசேஜ் கோடு வந்தது. டிவி பழுதா, மெஷின் பழுதா? (வாசகர், சேலம்)

பதில்: இரண்டும் இல்லை, நண்பன் கொடுத்த படம்தான் பழுது. சினாவியா என்று ஒன்று இருக்கிறது. படத்தின் ஒலிக்குள்ளேயே நம் காதுக்குத் தெரியாத ஒரு முத்திரையைக் கலந்துவிடுவார்கள். ஃபைலை மாற்றினாலும் சுருக்கினாலும், ஏன், தியேட்டரில் உட்கார்ந்து கேமராவில் பிடித்தாலும்கூட அந்த முத்திரை ஒலியோடு வந்துவிடும். பிஎஸ்3 அதைக் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்து, இது கடையில் வாங்கிய ஒரிஜினல் டிஸ்க் இல்லையே என்று முடிவு செய்ததும் வாயைப் பொத்திவிடும். ஹேண்ட்பிரேக்கில் போட்டாலும் போகாது. எப்படி நீக்குவது என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன். அந்தப் படத்தின் டிஸ்க்கை வாங்குங்கள், சத்தம் கடைசி வரை கேட்கும்.

கேள்வி: வீட்டில் வைஃபை ரூட்டர் இருக்கிறது, ஆனால் மூன்று மாதமாகப் பணம் கட்டாததால் நெட் கட். கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை ஹாலில் இருக்கும் பிஎஸ்4-இல் பார்க்க ஒவ்வொரு தடவையும் பென் டிரைவ் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். வேறு வழி? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பணம் கட்டாமலே வழி இருக்கிறது. வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. வைஃபை என்பது வீட்டுக்குள் போடும் ரோடு, இன்டர்நெட் என்பது ஊருக்கு வெளியே போகும் ரோடு. வெளி ரோட்டை அடைத்தால் வீட்டுக்குள் நடக்க முடியாதா என்ன? ரூட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும்.

கம்ப்யூட்டரில் யுனிவர்சல் மீடியா சர்வர் மாதிரி ஒரு டிஎல்என்ஏ சர்வரை, அதாவது கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை வீட்டு நெட்வொர்க் வழியாக மற்ற மெஷின்களுக்குக் காட்டும் மென்பொருளைப் போட்டு (இதுவும் இலவசம்தான், பக்கத்து வீட்டு நெட்டில் இறக்கிக்கொள்ளுங்கள்), படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். கம்ப்யூட்டரும் பிஎஸ்4-உம் ஒரே ரூட்டரில் இருந்தால், மீடியா பிளேயரைத் திறந்ததும் யுஎஸ்பிக்குப் பக்கத்தில் உங்கள் கம்ப்யூட்டர் பெயரும் வந்து நிற்கும். பிஎஸ்4-இல் நெட்வொர்க்கைச் சோதித்தால் ஐபி முகவரி கிடைத்தது, இன்டர்நெட் தோல்வி என்று வரும். தோல்வி என்பதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், நமக்கு முதல் வரி மட்டும் போதும். படம் திக்கித் திக்கி வந்தால் வைஃபைக்குப் பதில் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ப்ளூரே சிலது ஓடவில்லை, சிலது ஓடுகிறது. அதே அண்ணன் கொண்டுவந்த கேம் டிஸ்க் எல்லாம் ஓடுகிறது. நெட் இல்லாததால் இப்படியா? (வாசகி, காரைக்குடி)

பதில்: நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா. படங்களுக்கு ஏரியா பிரித்து வைத்திருக்கிறார்கள். டிவிடியில் நாம் 5, சிங்கப்பூர் 3. ப்ளூரேவில் நாம் சி, அவர்கள் ஏ. பிஎஸ்4 கேம்களுக்கு இந்தப் பிரிவினை இல்லை, அதனால் அவை ஓடுகின்றன. ஓடும் ப்ளூரேக்களின் அட்டைப் பின்புறம் பாருங்கள், ஏ பி சி மூன்றும் போட்டிருக்கும். அடுத்த முறை அண்ணனைக் கடையில் நின்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். 4கே டிஸ்க்குகளுக்கு ஏரியா கிடையாது, ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், பிஎஸ்4 அதை ஓட்டாது, ப்ரோ மாடலும் ஓட்டாது. அதற்கு டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், சீரிஸ் எக்ஸ் மாதிரி ஒன்று.

கேள்வி: 2004-இல் நடந்த எங்கள் கல்யாண விசிடி மூன்று இருக்கிறது. பையனின் பிஎஸ்4-இல் போட்டால் வெளியே துப்புகிறது. (வாசகர், கும்பகோணம்)

பதில்: விசிடி என்பது சிடி, பிஎஸ்4-க்கு சிடி எதையுமே படிக்கத் தெரியாது, பாட்டு சிடிகூட ஓடாது. கோபித்துக்கொள்ளாமல், சிடி டிரைவ் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரைத் தேடிப் பிடியுங்கள். டிஸ்க்குக்குள் எம்பெக்ஏவி (MPEGAV) என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் டேட் (DAT) என்று முடியும் பெரிய ஃபைல்தான் உங்கள் கல்யாணம். அதை ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்து விஎல்சி பிளேயரில் ஓடுகிறதா பார்த்துவிட்டு, மேலே திண்டுக்கல்காரருக்குச் சொன்ன மாதிரி எம்பி4 ஆக்கி, பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். இருபது வருட டிஸ்க், கீறல் விழுந்திருந்தால் காப்பி பாதியில் நிற்கும், மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்துவிட்டு வேறு ஒரு டிரைவில் முயன்று பாருங்கள். தாலி கட்டும் இடம் எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: போனில் ஓடிடி ஆப்பில் டவுன்லோடு செய்த படத்தை பென் டிரைவில் ஏற்றி கன்சோலில் பார்க்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: முடியாது. அந்த ஃபைல் பூட்டியிருக்கிறது, சாவி அந்த ஆப்பிடம் இருக்கிறது.

கேள்வி: நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் மெமரி கார்டு போட்டுப் படம்? (வாசகர், சென்னை)

பதில்: அதுவும் முடியாது. கார்டு இடம் இருக்கிறதே என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள், ஆனால் ஆல்பத்தில் அது காட்டுவது நீங்கள் அதே மெஷினில் கேம் ஆடும்போது பிடித்த முப்பது விநாடித் துண்டுகளை மட்டும்தான். வீட்டில் பழைய பிஎஸ்பி (சோனியின் கையடக்க கேம் மெஷின்) எங்காவது கிடந்தால் தூசி தட்டுங்கள், அதன் மெமரி ஸ்டிக்கில் வீடியோ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, 480-க்கு 272 அளவில் எம்பி4 ஆக்கிப் போட்டால் ஓடும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.