ஐந்து டாலர் பெட்டியும் ஒரு கையெழுத்தும்

அன்புள்ள சார்,

நியூ ஜெர்சி எடிசனில் பக்கத்துத் தெரு கராஜ் சேலில் ஒரு ஷூ பெட்டி நிறைய, வீரர்களின் படம் போட்ட பேஸ்பால் கார்டுகளை ஐந்து டாலருக்கு வாங்கினேன். பெரும்பாலும் டாப்ஸ் கம்பெனி 1987-ல் போட்டவை. ஆட்டமே எனக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் ஒரு கார்டை எடுத்து, அதிலிருந்த பிட்சருக்கே (பந்து வீசுபவர்) கடிதத்தோடு தபாலில் அனுப்பினேன். ஓய்வுபெற்று வெகுகாலம் ஆனவர். நான்கு மாதம் கழித்துக் கையெழுத்தோடு திரும்பி வந்தது! ஆபீஸில் ஒருவர், “கிரேடிங்குக்கு அனுப்பு, காசு வரும்” என்கிறார். இன்னொருவர், “அவர்தான் போட்டார் என்று எப்படித் தெரியும்?” என்கிறார். மனைவி ஒன்றும் சொல்வதில்லை, பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். நான் என்ன செய்யட்டும்?

எம்.

அன்புள்ள எம்,

கிரேடிங்குக்கு அனுப்பாதீர்கள். பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் முனை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவார்கள். உங்கள் கார்டுக்கு அது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

1987 கார்டு செல்லாக்காசானது ஒரு வேடிக்கை. டாப்ஸ் 1952-ல் வெளியிட்ட, நியூயார்க் யாங்கீஸ் நட்சத்திரம் மிக்கி மேண்டிலின் கார்டு ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மேண்டிலின் புகழ் மட்டும் அதற்குக் காரணமில்லை. அந்த வரிசையில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை டாப்ஸ்காரரான சை பெர்கர் 1960-ல் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக்கில் கொட்டினார். பையன்களிடம் இருந்ததை அவர்கள் வளர்ந்ததும் அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். எண்பதுகளில் பழைய கார்டுகளின் விலை ஏறுகிற செய்தி பரவியதும் ஊருக்கே புத்தி வந்தது. யாரும் எதையும் எறியவில்லை. கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. எல்லார் வீட்டுப் பரணிலும் இருப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அந்தக் காலத்துக்கு ‘ஜங்க் வாக்ஸ்’ என்றே பெயர். கார்டு மெழுகுத்தாளில் சுற்றி வந்ததால் வாக்ஸ். உள்ளே பபிள்கம் பட்டை ஒன்றும் இருக்கும். அதன் கறை படிந்த கார்டு என்றால் எனக்குத் தனிப் பிரியம்.

ஆனால் கையெழுத்து வாங்க இதைப் போல வசதியான கார்டு கிடையாது. தபாலில் தொலைந்தாலும் நஷ்டம் சில காசுகள்தான். மரப்பலகை மாதிரி ஓரம் போட்ட அந்த அட்டையில் வழவழப்பு இல்லை. மையை அப்படியே பிடித்துக்கொள்ளும். நான் ஒருமுறை புத்தம்புது பளபளப்புக் கார்டை நீட்டினேன். வீரர் நீல ஷார்ப்பி மார்க்கர் பேனாவால் போட்டுக் கொடுத்தார். வாங்கிய வேகத்தில் என் கட்டைவிரல் பட்டு, அவர் பெயரின் பின்பாதி நீலத் தீற்றலாகிவிட்டது. இந்த மாதிரி கார்டில் முன்கூட்டியே பேபி பவுடர் தடவித் துடைத்துவிட வேண்டும் என்று பக்கத்தில் நின்ற பையன் சொன்னான். பத்து வயதிருக்கும். ரொம்பப் பொறுமையாகவே சொன்னான்.

சரி, அவர்தான் போட்டாரா? சந்தேகம் நியாயம்தான். தொண்ணூறுகளின் கடைசியில் எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்று கள்ளக் கையெழுத்து வியாபாரத்தை வளைத்துப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூடச் சிக்கியது. ஆனால் கள்ளனுக்கும் கணக்கு உண்டு. மேண்டில் பெயரைப் போட்டால் காசு. உங்கள் பிட்சர் பெயரைப் போட்டு அவனுக்கு என்ன ஆகப்போகிறது? பிட்சர் வீட்டில் வேறு யாராவது போட்டிருக்கலாம் என்று தோன்றினால், அவருடைய பழைய கையெழுத்துகளோடு வைத்துப் பாருங்கள். வயதானால் எழுத்து நடுங்கும். பேனாவை எங்கே வைக்கிறார், எங்கே எடுக்கிறார் என்பது அவ்வளவாக மாறாது. பழைய ஆட்களிடம் இன்னொரு சௌகரியம், பெயரைப் படிக்க முடியும். மின்னசோட்டா ட்வின்ஸ் அணியின் அந்தக்கால நட்சத்திரம் ஹார்மன் கில்லப்ரூ, இளம் வீரர்களைப் பிடித்துவைத்து, படிக்கிற மாதிரி போடச் சொல்லி வற்புறுத்துவாராம். இப்போது கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு சுழி, ஒரு கோடு.

அப்புறம், தபாலோடு நின்றுவிடாதீர்கள். நம் நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டர் என்றால் நம்மவர்களுக்கு வெங்கடேஸ்வரா கோயில்தான். அதே ஊரில்தான் சாமர்செட் பேட்ரியாட்ஸ் அணியின் மைதானமும் இருக்கிறது. 2021 முதல் யாங்கீஸின் டபுள்-ஏ அணி அது, அதாவது பெரிய அணிக்கு ஆள் தயாராகும் கீழ்ப்படி அணிகளில் ஒன்று. 2022-ல் அங்கே ஆடிக்கொண்டிருந்த ஆண்டனி வோல்ப்பி அடுத்த வருடமே யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர். கேட் திறந்ததும் உள்ளே போய் வீரர்கள் உட்காரும் டக்-அவுட் பக்கம் கம்பியோரமாக நில்லுங்கள். சின்னப் பிள்ளைகள் நின்றால் அவர்களை முன்னால் விடுங்கள். பேனா மூடியை முதலிலேயே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மூடியோடு மல்லுக்கட்டுவதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார்.

பெருமூச்சுக்கு என்னிடம் மருந்தில்லை. என் வீட்டிலும் அதே கதைதான்.

பேனா இரண்டாகவே எடுத்துப் போங்கள். ஒன்றை யாராவது ஒரு வீரர் கையோடு கொண்டுபோய்விடுவார்.