கேக்கின் மேல் கொடிச்சுருள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தக்கலையில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுத்து வருகிறேன். தெரிந்த குடும்பமொன்றில், அக்டோபர் கடைசியில் நடக்கவிருக்கும் திருமண வரவேற்புக்கு 6 அங்குலமும் 4 அங்குலமும் விட்டமுள்ள இரண்டடுக்கு கேக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளை ஃபாண்டன்ட் (கேக்கைப் போர்த்தும் சர்க்கரை மாவு விரிப்பு) மேல் வெள்ளையிலேயே மெல்லிய கொடிச்சுருள் வேண்டுமாம். ராயல் ஐசிங் வைத்துப் பழகிப் பார்க்கிறேன். கோடு பாதியில் அறுகிறது, அறாத இடத்தில் நடுங்குகிறது. கோலம் எனக்கு நன்றாகவே வரும். பிறகு ஏன் இது மட்டும் கைக்கு வசப்படவில்லை?

பதில்: கோலம் வருகிற கையைக் குறை சொல்வதற்கு முன் கிண்ணத்தில் இருக்கும் ஐசிங்கைப் பாருங்கள். கோடு பாதியில் அறுவதற்குப் பெரும்பாலும் காற்றுக்குமிழிதான் காரணம். ஐசிங் பஞ்சு போல எழும்ப வேண்டும் என்று எண்ணிப் பலரும் மிக்சியின் அதிவேகத்தில் அடித்துவிடுகிறார்கள். அது கேக்கின் மேல் பூசுவதற்கு உதவலாம், கோடு இழுப்பதற்கு உதவாது. நம் ஊர் முட்டை ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் வெள்ளைக்கரு இருக்கும். அதற்கு 150 முதல் 180 கிராம் வரை ஐசிங் சுகரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மிகக் குறைந்த வேகத்தில் மட்டும் அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் முனை எழுந்து நின்று, நுனி மட்டும் லேசாகத் தலை சாய வேண்டும். முழுதும் விறைத்து நின்றால் கோடு அறும், முழுதும் படிந்துவிட்டால் கோடு பரவும். பிறகு ஒரு தட்டையான தட்டில் இரண்டு கரண்டி ஐசிங்கை எடுத்து வைத்து, கத்தியின் தட்டைப் பக்கத்தால் முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்தால், உள்ளே சிக்கியிருக்கும் குமிழிகள் உடைவதைக் கண்ணாலேயே காணலாம்.

ஐசிங் சுகரைச் சலிக்காமல் போடாதீர்கள். ஐசிங் வெளிவரும் கூம்பு முனையான நாசிலில், 1ஆம் எண்ணின் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஒரு சிறு கட்டி போதும், அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குச் சீராகத் தெரியும் பாக்கெட் சர்க்கரையில்கூட இத்தகைய கட்டிகள் இருக்கும் என்பதால், சல்லடைக்குப் பிறகு மெல்லிய மல் துணியிலும் ஒருமுறை சலிப்பது நல்லது. அடித்த ஐசிங்கை ஈரத்துணி போட்டு மூடியே வைத்திருங்கள், திறந்து கிடந்தால் மேலே ஏடு கட்டி அதுவும் நாசிலை அடைக்கும். பெரிய பைப்பிங் பேக் இதற்கு வேண்டாம். பட்டர் பேப்பரில் விரல் நீளக் கூம்பு சுற்றி, பாதிக்கு மேல் நிரப்பாமல் பிடித்தால், கட்டை விரல் ஒன்றே அழுத்தத்தை முழுதும் ஆளும்.

இனி நடுக்கத்தைப் பற்றி. நீங்களே கோலத்தைச் சொல்லிவிட்டதால் விளக்குவது எளிது. கோலம் இடும்போது விரல் தரையைத் தொடுவதில்லை. மாவு மேலிருந்து விழுகிறது, கை அதன் முன்னே நகர்கிறது. ஐசிங்கும் அப்படித்தான். நாசிலின் முனையைக் கேக்கின் மேல் உரசி இழுத்தால் கையின் ஒவ்வொரு சிறு அசைவும் கோட்டில் பதிந்துவிடும். முனையைத் தொட்டு ஐசிங் ஒட்டிக்கொண்டதும், இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு மேலே தூக்கி, இழை காற்றில் தொங்க, அதை வேண்டிய வளைவில் கிடத்துங்கள். முடியும் இடத்துக்குச் சற்று முன்பே அழுத்தத்தை நிறுத்திவிட்டு முனையைக் கீழே இறக்கித் தொட்டால் வால் குமிழாமல் கூர்ந்து முடியும். இழை சுருண்டு விழுந்தால் அழுத்தம் கூடுதல், இழுபட்டு மெலிந்தால் கை வேகம் கூடுதல். கேக்கின் பக்கவாட்டில் இப்படி நெடுந்தூரம் தொங்கவிட முடியாது. அங்கே முனையை அரை சென்டிமீட்டர் தொலைவில் வைத்து, கேக் பலகையின் அடியில் ஓர் ஆப்பு கொடுத்து, கேக்கைச் சற்றே உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துக்கொண்டால், பக்கச்சுவர் பாதி தளமாகிவிடும். அடுக்குகளைத் தனித்தனியாக வைத்து வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் சரியாக வந்த பின்னும் கேக் அழகாக அமையாமல் போவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் அளவு. 6 அங்குல அடுக்கின் சுற்றளவு சுமார் 48 சென்டிமீட்டர், 4 அங்குல அடுக்கின் சுற்றளவு சுமார் 32. சுற்றளவுக்குக் காகிதப் பட்டை வெட்டி மூன்று முறை மடித்தால் எட்டுப் பங்கு கிடைக்கும்: கீழே ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர், மேலே 4. ஆகவே கீழடுக்குக்கு வரைந்த கொடியை மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கித்தான் மேலடுக்குக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுச் சுருளைப் போடுவதால்தான், மேலடுக்கு நகை மிகுந்த குழந்தையைப் போலத் திணறுகிறது. நாசிலையும் அதற்கேற்ப மாற்றுங்கள். கீழடுக்கில் நடுத்தண்டுக்கு 2, கிளைகளுக்கு 1, மேலடுக்கில் எல்லாவற்றுக்கும் 1. வரைந்த காகிதத்தைக் கேக்கைச் சுற்றி வைத்துக் குண்டூசியால் மெல்லப் புள்ளி குத்திக்கொண்டால் கண்மதிப்பை நம்ப வேண்டியதில்லை. ஊசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள்.

வடிவத்துக்கு இணையத்தைத் தேடி அலைய வேண்டாம். சுசீந்திரம் கோயில் தூண்களிலும் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையிலும் கொடிக்கருக்கு நிறைந்து கிடக்கிறது. உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு கிளையும் தண்டு போகிற திசையிலேயே அதை ஒட்டிப் பிரிவதும், பிறகே உள்நோக்கிச் சுருள்வதும் தெரியும். தண்டின் மேல் செங்குத்தாகக் குத்திட்டு நிற்கும் கிளை ஒன்றுகூட இராது. உங்கள் சுருள்கள் ஒட்டவைத்தவை போலத் தோன்றினால் இங்கேதான் பிழை. மணமகள் வீட்டில் பழைய லேஸ் துணி இருந்தால் இன்னும் நல்லது. 1819இல் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் இங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார் என்பதால், இந்த மாவட்டத்தில் அதைத் தேடுவது கடினமாக இராது. அதன் ஓரத்தைப் படியெடுத்து அளவு குறைத்தால் கேக்குக்கு ஏற்ற வடிவம் கையில் கிடைத்துவிடும்.

வெள்ளையின் மேல் வெள்ளை, நிழலால் மட்டுமே தெரியும். அதற்காகக் கோட்டைத் தடிப்பாக்காதீர்கள். 2ஆம் எண் கோடு காய்ந்தபின் அதன் மேலேயே 1ஆம் எண் கோடு ஒன்றை ஏற்றினால் உயரம் கூடி நிழல் விழும். இப்படிக் கோட்டின் மேல் கோடாக அடுக்குவதை லம்பெத் முறை என்பார்கள். பெரிய கேக்கில் நான்கைந்து அடுக்கு ஏற்றுவோர் உண்டு. உங்கள் கேக்குக்கு நடுத்தண்டின் மேல் ஒரே ஒருமுறை ஏற்றினால் போதும். பக்கச்சுவரில் பாதிக்கு மேல் வெறுமையாக விட்டுவிட வேண்டும் என்பதும் என் கருத்து. வாடிக்கையாளர் இன்னும் கொஞ்சம் நிரப்பச் சொல்வார், கேட்காதீர்கள்.

கேள்வி: குளச்சலில் இருக்கிறேன். இரவில் போட்ட ராயல் ஐசிங் காலையிலும் பிசுபிசுக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தேன், வெளியே எடுத்ததும் இன்னும் மோசமாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: ராயல் ஐசிங் குளிர்ச்சியால் இறுகுவதில்லை, அதிலுள்ள நீர் வெளியேறுவதால் இறுகுகிறது. கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது நீர் வெளியேற வழியில்லை, போதாததற்குச் சர்க்கரை ஈரத்தைத் தன்பால் இழுக்கவும் செய்யும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கின் மேல் வெளிக்காற்றின் ஈரம் வியர்வையாகப் படிந்து, மெல்லிய கோடுகளைக் கரைத்துவிடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது என்பதால், ஜூன் முதல் டிசம்பர் வரை இந்தத் தொல்லையை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். ஏசி அறை இருந்தால் அதை டிரை மோடில் வைத்து அங்கே காய விடுங்கள். இல்லையேல் கதவு, சன்னல்களைச் சாத்திவிட்டு, மேசை விசிறியின் காற்று குறுக்காகப் போகும்படி வையுங்கள். கிளிசரின் சேர்க்கும் பழக்கம் இருந்தால் கோட்டு வேலைக்கு அதை நிறுத்திவிடுங்கள். பூச்சு கல்லாக இறுகாமல் மென்மையாக இருப்பதற்காகச் சேர்ப்பது அது. கிண்ணத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் ஐசிங் உறுதியாக நிற்காது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் அந்தப் பசை எளிதில் போகாது, எவர்சில்வரே நல்லது.

கேள்வி: பச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதை விருந்தினர் விரும்பாவிட்டால்? – மார்த்தாண்டம் வாசகி

பதில்: விரும்பாதது நியாயமே. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உண்ணும் கேக்குக்குப் பச்சை முட்டை தகாது. மெரிங்கு பவுடர் வாங்குங்கள். 450 கிராம் ஐசிங் சுகருக்குப் பொதுவாக 3 மேசைக்கரண்டி பவுடரும் 5 அல்லது 6 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரும் பிடிக்கும். பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றவும். முட்டையே உண்ணாதவர்களுக்கு இதுவும் உதவாது, அதுவும் முட்டை வெள்ளைக்கருவிலிருந்துதான் செய்யப்படுகிறது.

கேள்வி: விப்பிங் கிரீம் பூசிய கேக்கில் இதே வேலைப்பாடு செய்ய முடியுமா? – கருங்கல் வாசகர்

பதில்: ராயல் ஐசிங்கில் முடியாது, கிரீமின் ஈரமே அதைக் கரைத்துவிடும். வற்புறுத்திக் கேட்டால், வெள்ளை காம்பவுண்டு சாக்லேட்டை உருக்கி, பிளாஸ்டிக் தாளின் மேல் சுருள்களை வரைந்து, இறுகியபின் உரித்தெடுத்து, கேக் மேசைக்குப் போகும் வேளையில் ஒட்டலாம். அந்த நேர்த்தி வராது என்பதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் மண்டபத்துக்குக் கேக்கைக் கொண்டுபோக வேண்டும். சுருள்கள் உடையாமல் இருக்குமா?

பதில்: அடுக்கி எடுத்துப் போனால் வேகத்தடைகளே போதும், உடைத்துவிடும். இரண்டு அடுக்குகளையும் தனித்தனிப் பெட்டியில், அடியில் வழுக்காத விரிப்பிட்டு, காரின் இருக்கையில் அல்லாமல் சமதளமான பின்பகுதியில் வையுங்கள். மேலடுக்கு அதன் சொந்த அட்டையின் மேல் இருக்க வேண்டும். அந்த அட்டையின் எல்லைக்குள் அடங்குமாறு கீழடுக்கில் நான்கு தாங்குகுச்சிகளை வீட்டிலேயே இறக்கிச் சமமாக வெட்டிவிடுங்கள். மண்டபத்தில் அடுக்கியபின் இரண்டும் சேரும் இடத்தில் சிறு மணிவரிசை ஒன்றைப் போட்டால் இணைப்பு மறையும். அதற்கும், உடைந்த ஒன்றிரண்டு கோடுகளைச் சரிசெய்வதற்கும், வாய் மூடிய கூம்பில் ஐசிங்கையும் 1ஆம் எண் நாசிலையும் ஈரத்துணியில் சுற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.